விட்டால்தான் துடைக்கும்

பதுளை ஸ்டேஷனில் இறங்கியதும் என்னைக் கேட்ட முதல் கேள்வி, நான் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்தேனா என்பது. என் காதில் அப்படித்தான் விழுந்தது.

"தம்பி, கோச்சியிலதான் வந்தீங்களா?"

"கோச்சுக்கிட்டு ஒண்ணும் வரலைங்க. அம்மாதான் அனுப்பிச்சாங்க."

கேட்டவர் எனக்குப் பின்னால் நின்ற ரயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த மலைநாட்டில் ரயிலுக்குப் பெயர் கோச்சி. திருச்சியிலிருந்து வந்தவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சிரித்தவர் சத்தார் நானா. கைலியும் வெள்ளைத் தொப்பியும், என்னைவிட ஏழெட்டு வயது கூடுதலான முகமும். இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்கிறார்கள். என் பெரியம்மா மகள் ராஜம் அக்கா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவச்சி. அந்தத் தோட்டத்து வண்டியின் டிரைவர் இவர். என்னை அழைத்துப் போக அக்கா அனுப்பியிருந்தாள்.

"வாங்க, வான் வெளியில நிக்கிது" என்றார். அண்ணாந்து பார்த்தேன். வான் எங்கேயும் நிற்கவில்லை. மேகம்தான் நின்றது. ஸ்டேஷன் வாசலில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் வேன், பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு காத்திருந்தது. எங்கள் வேன் இங்கே வான். அந்த ஒரு எழுத்தில் எனக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். பெரியப்பாவும் அவளும் காலமான பிறகு அக்கா இந்தப் பனிமூட்டத்தில் தனியாக இருக்கிறாள் என்பது அம்மாவின் நெடுநாள் வேதனை. உறையூரில் ஒரு பிரசவ விடுதியில் அம்மா அவளுக்கு வேலை பேசி முடித்திருந்தாள். "கையோட கூட்டிக்கிட்டு வந்துடு" என்பதுதான் எனக்கு உத்தரவு. நான் உடனே சரி என்றதற்கு வேறு காரணம். அப்பாவின் லாரி ஒர்க்‌ஷாப்பில் பிறந்து வளர்ந்து, டிப்ளமாவும் முடித்தவன் நான். வண்டி என்றால் பைத்தியம். ஆனால் நான் பார்த்த சாலையெல்லாம் கோடு போட்டதுபோல நேராகக் கிடப்பவை. மலை வளைவுகளில் ஒரு எஞ்சின் எப்படிப் பாடும் என்று கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பதுளை கடைத்தெருவைத் தாண்டியதும் மழை பிடித்தது.

எங்கள் ஊரில் வைப்பர் என்பது நகை மாதிரி. வெயிலில் ரப்பர் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் என்று கழற்றி டூல்ஸ் பெட்டியில் பத்திரமாக வைத்துவிடுவோம். ஐப்பசியில் அடைமழை வந்தால் தேடி எடுத்து மாட்டுவதற்குள் மழை நின்றுவிடும். இங்கேயோ அது வண்டியின் இமை. அதுவும் இந்த வானுக்கு வாய்த்தது விசித்திரமான இமை. சம தரையில் ஒழுங்காகத்தான் ஆடியது. ஏற்றம் வந்து சத்தார் நானா ஆக்ஸிலேட்டரை அழுத்தினாரோ இல்லையோ, தூக்கக் கலக்கத்தில் நடப்பவனைப்போலத் தள்ளாடி, பாதிக் கண்ணாடியில் அப்படியே நின்றுவிட்டது.

கண்ணாடி முழுக்கத் தண்ணீர். வெளியே பச்சையும் வெள்ளையும் ஒன்றில் ஒன்று கரைந்தன. நானா காலை ஒரு கணம் எடுத்தார். வைப்பர் சடாரென்று வீசியது. உடனே ஒரு மலை, ஒரு வளைவு, தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு ஓரமாக நடக்கும் ஒரு பெண். மறுபடி கால் அழுத்தம், மறுபடி எல்லாம் கரைந்தது. தூங்குவதும் விழிப்பதுமாக அந்த மலையில் ஏறினோம். ஒவ்வொரு விழிப்பிலும் வேறொரு உலகம் வந்து நின்றது.

"விட்டாத்தான் தொடைக்கும்" என்றார் நானா. "மிதிச்சா நிண்டுரும். அதோட கொணம் அது."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இது கரண்டில் ஓடும் வைப்பர் அல்ல. எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கிறதே, அந்த உறிஞ்சலில் ஓடுவது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் காற்று தாராளமாக உள்ளே போய்விடும். உறிஞ்சல் குறையும், வைப்பர் சோர்ந்துபோகும். காலை எடுத்தால் வாயை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பதுபோல உறிஞ்சல் கூடும். இதை நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

"அப்ப ஏத்தத்துல மூச்சு வாங்குதுன்னு சொல்லுங்க" என்றார். "எங்க மாமியும் அப்படித்தான். மேல ஏறும்போது பேச மாட்டா. நிண்டாத்தான் பேச்சு."

பசறையில் தேநீருக்கு நின்றோம். இங்கே தேநீரில் சீனி கரைப்பதில்லை. கித்துள் என்கிற கூந்தல்பனையின் கருப்பட்டி ஒரு துண்டைக் கையில் தருகிறார்கள். கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். கூடவே மீனும் மிளகும் அடைத்த பணிஸ், நம் ஊர் பன். காலையில் டிகிரி காப்பி இல்லாவிட்டால் தலைவலி வரும் என்று நம்பியிருந்த என் தலை, அன்று அதை நினைக்கவே இல்லை. பக்கத்து பெஞ்சில் இரண்டு சிங்கள விவசாயிகள் வெளியே பார்த்துக்கொண்டு ஏதோ பேசினார்கள். நானா மொழிபெயர்த்தார்: "நமுனுகுல மலை மேல மேகம் குந்திக்கிச்சாம். விருந்துக்கு வந்த மச்சான் மாதிரி, இனி லேசுல எந்திரிக்காதாம்."

அக்காவின் குவார்ட்டர்ஸ் தோட்ட மருந்தகத்தின் பக்கத்தில் இருந்தது. அவளை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு அரைக்கால் சட்டை. இப்போது அவள் வெள்ளைச் சேலையில், குடையை மடக்கிக்கொண்டே வந்து, "எம்மாம் பெரிசா வளந்துட்ட!" என்று என் தலையில் தட்டினாள். ரொட்டியும் கட்டச்சம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் வைத்தாள். சம்பலின் காரத்தில் கண்ணில் நீர் வர, உறையூர் வேலையைப் பற்றிச் சொன்னேன்.

"சின்னம்மாவுக்கு என்மேல பாசம்" என்றாள். "ஆனா இப்ப என்னைய எதுவும் கேக்காத தம்பி. வர்ற வியாழக்கிழமை எனக்குப் பரீட்சை."

"என்ன பரீட்சை?"

"வான் ஓட்டுற பரீட்சை."

விஷயம் இதுதான். சத்தார் நானா பண்டாரவளையில் மச்சானோடு சேர்ந்து கடை வைக்கப் போகிறார். மாதக் கடைசியோடு வேலையை விடுகிறார். புது டிரைவர் வைக்க முடியாது, வானை விற்றுவிடப் போகிறேன் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லிவிட்டார். அக்கா அவர் முன்னால் போய் நின்று, "நான் லைசன் எடுத்தா வானை எனக்கு விடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். துரை சிரித்துக்கொண்டே, எடுத்துக் காட்டு என்றாராம்.

"போன மழைக்காலத்துல, தோட்டத்தோட மேல் டிவிசன்ல ஒரு புள்ளைக்கு வலி கண்டுச்சு. வான் பசறைக்குப் போயிருச்சு. கொழுந்து லொறியில ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போனோம். பாதி வழியில, வளைவுல, சாக்கு மேல பெத்தா. புள்ள தங்கல." ரொட்டியை என் பக்கம் தள்ளினாள். "சாப்புடு."

அதற்குப் பிறகு உறையூரைப் பற்றி நான் பேசவில்லை.

மறுநாள் காலை ஓட்டப் பயிற்சிக்கு நானும் ஏறிக்கொண்டேன். அக்கா ஸ்டியரிங்கில், நானா பக்கத்தில், நான் பின்னால் மருந்துப் பெட்டியின் மேல். அவள் நன்றாகவே ஓட்டினாள். அவசரமில்லாத கை. ஃபேக்டரிக்குக் கீழே கொஞ்சம் சமமான சாலை வந்ததும் நானாவுக்கு ஒரு ஆசை வந்தது.

"தம்பி, இதப் பாருங்க." டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த ஒரு கறுப்புக் குமிழை வெளியே இழுத்தார். "அக்கா, காலை எடுங்க."

அக்கா காலை எடுத்தாள். வண்டியின் வேகம் குறையவே இல்லை. குமிழ் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துவைத்துக்கொண்டு, தானே போய்க்கொண்டிருந்தது. நானா சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சோம்பேறிக் குமிழ்! கால் வலிச்சா இதை இழுத்துட்டுக் குந்திக்கலாம்."

எனக்கு ஜிவ்வென்றிருந்தது. ஒரே சீரான ரீங்காரம், இருபுறமும் வாரிவிட்ட தலைபோலத் தேயிலை, யாருடைய காலும் படாமல் மிதந்து போகும் வண்டி. கண்கள் தானாகச் செருகின. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. சாலையும் லேசாக மேலே ஏறத் தொடங்கியது. வைப்பர் இரண்டு தடவை இழுத்துவிட்டு நின்றது.

"விடுங்க! விடுங்க!" என்று கத்தினார் நானா.

"விட்டுட்டேன் நானா! காலே வைக்கலையே!"

கால் விட்டிருந்தது. குமிழ்தான் விடவில்லை. எஞ்சின் இழுத்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. நானா சம்மணத்தைப் பிரித்துக் குமிழை உள்ளே தள்ளுவதற்குள், அக்கா பிரேக்கை மிதிப்பதற்குள், வான் ஈரச் சாலையில் வழுக்கி, மெத்தையில் சாய்வதுபோல மெல்லத் தேயிலைச் செடிகளுக்குள் போய் உட்கார்ந்தது. நல்ல வேளை, அது மேட்டுப் பக்கம். மறுபக்கம் என்றால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

செடியின் தலையைக் கழிக்கிற கவ்வாத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்தார்கள். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கேலி ஆரம்பித்தது.

"மருத்துவச்சியம்மா, கொழுந்தெடுக்க வான்லயா வந்தீங்க?"

"நானா, வானுக்கும் இன்னிக்கு அரைப் பேர் போடச் சொல்லவா, கணக்கப்பிள்ளைகிட்ட?" பேர் என்றால் இங்கே ஒரு நாள் கூலி.

"அரைப் பேர் எதுக்கு? செடி முறிச்சதுக்குப் பேரை வெட்டுவாரு!"

கம்பளியைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு, ஏலேலோ பாடித் தூக்கி, வானைச் சாலையில் வைத்தார்கள். அக்காவும் சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினாள். நானாவின் முகம்தான் செத்துப்போயிருந்தது. நான் என் டிப்ளமாவை விரித்தேன். குமிழை இழுத்து வைத்தால் எஞ்சின் எப்போதும் மிதிபட்டபடியே இருக்கும், ஏற்றத்தில் வைப்பருக்கு உறிஞ்சலே கிடைக்காது, பிரேக் போட்டாலும் எஞ்சின் எதிர்த்து இழுக்கும், ஈரத்தில் சக்கரம் வழுக்கும்...

"சுருக்கமாச் சொல்லு" என்றாள் அக்கா, கை மண்ணைத் தட்டிக்கொண்டே.

"மழையில அதைத் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

அடுத்த சில நாட்கள் முழுக்க மழையும் பயிற்சியும்தான். ஈரப் புகையிலையைக் கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் முத்தாக நிற்காமல் வழிந்துவிடும் என்றார் நானா. தேய்த்தோம். வேலை செய்தது. ஆனால் அக்கா வழி முழுதும் தும்மிக்கொண்டே ஓட்டினாள். ஏற்றம் வரும்போதெல்லாம் நானும் நானாவும் சேர்ந்து "விடுங்க!" என்போம். அவள் கால் எடுப்பாள். வைப்பர் வீசும். சாலை தெரியும். பிறகு நாங்கள் சொல்லாமலே எடுத்தாள், ஆனாலும் நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் வானைக் கண்டாலே "விடு விடு" என்று பின்னால் ஓடி வந்தன.

வியாழக்கிழமை பதுளைக்கு இறங்கினோம். மழையும் கூடவே இறங்கியது. பரீட்சை எடுக்க வந்த அதிகாரி ஒரு சிங்களக் கனவான். மெல்லிய மீசை, நீளக் குடை. நல்ல தமிழ் பேசினார். வானைச் சுற்றி வந்து கயிறு கட்டிய கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் ஏறுங்க. இது நிண்டா தள்ள ஆள் வேணும்" என்றார். நானா கடையோரம் நின்று ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

ஆற்றோரச் சாலையில் போனோம். அக்காவின் கழுத்து நரம்பு பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. அதிகாரி டாஷ்போர்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இது என்ன மிஸ்ஸி?"

"வேகத்தைப் பிடிச்சு வைக்கிற குமிழ் ஐயா."

"அப்படியா? இழுத்துக் காட்டுங்க."

அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மழை விட்டதும் காட்டுறேங்க ஐயா."

"நான் சொல்றேன், இழுங்க."

"மழையில அதைத் தொட மாட்டேங்க. லைசன் தராட்டியும் பரவாயில்ல."

பரவாயில்லை என்று அவள் வாய்தான் சொன்னது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அதிகாரி குடையை முழங்கால்களுக்கிடையே ஊன்றிக்கொண்டு வெளியே பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். வானும் போச்சு, மேல் டிவிசனும் போச்சு. அம்மாவின் ஆசை நிறைவேறப் போகிறது. அதை நினைத்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன்.

இடப்பக்கம் திரும்பி ஏற்றத்தில் போகச் சொன்னார். இருபுறமும் தேயிலை, நடுவில் புகைபோல மூடுபனி. அக்கா அழுத்தினாள். வைப்பர் சோர்ந்தது. பதற்றத்தில் அவள் காலை எடுக்க மறந்திருக்க வேண்டும். செங்குத்தில் வேகம் குறைந்து எஞ்சின் முனகியது. அதிகாரிக்குப் பொறுமை போயிற்று.

"விடுங்க மிஸ்ஸி, விடுங்க விடுங்க!"

ஓட்டு, ஓட்டு என்கிறார். கார் விடுவது, பஸ் விடுவது என்று தமிழ் பேசும் எந்த ஊரிலும் சொல்வார்கள்தானே. ஆனால் அந்த வானுக்குள் அந்த வார்த்தைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் பழகியிருந்தது. அக்கா சட்டென்று காலை எடுத்தாள்.

வைப்பர் வீசியது.

பனிக்குள்ளிருந்து சாலையின் குறுக்கே ஒரு வரிசை. தலையில் கம்பளி, முதுகில் கொழுந்துக் கூடை, தலை குனிந்து, மழைச் சத்தத்தில் எங்கள் சத்தம் கேட்காமல் கடந்துகொண்டிருந்த பெண்கள். கனவில் வருகிறவர்களைப்போல ஒருவர் பின் ஒருவராக. அக்கா பிரேக்கை மிதித்தாள், அழுத்தி அல்ல, விட்டு விட்டு. வான் வழுக்காமல் நின்றது. கடைசியில் போன பெண் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னா சூடா இருக்கு" என்று சொல்லிக் குளிருக்கு இன்னொரு கையையும் வைத்தாள். பிறகு அவளும் பனிக்குள் போய்விட்டாள்.

அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டாள்.

"நீங்க அவங்களைக் கண்டீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

கண்டேன் என்று சொல்லிவிடு அக்கா என்று மனசுக்குள் கத்தினேன்.

"இல்லைங்க ஐயா. நீங்க விடச் சொன்னீங்க, விட்டேன். தொடைச்சதும்தான் கண்டேன்."

"நான் ஓட்டச் சொன்னேன்!"

"எங்க வான்ல விடுங்கன்னா காலை எடுக்கறதுங்க."

அவர் வைப்பரைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. "அப்ப பரீட்சையில பாஸானது நீங்களா, விடச் சொன்ன நானா?" என்றவர், தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, வானைத் திருப்பச் சொன்னார். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கவைத்தார், பின்னோக்கி ஓட்டவைத்தார், ஒன்றையும் விடவில்லை. ஆற்றோரச் சாலைக்குத் திரும்பும்போது மழை ஓய்ந்து வெயில் வந்தது. ஈரம் காய்ந்த நேரான ஓர் இடத்தில் அக்கா, அவர் கேட்காமலே, "இப்பக் காட்டவாங்க ஐயா?" என்றாள். குமிழை இழுத்தாள். வான் தானாக மிதந்தது. தூரத்தில் ஒரு மாட்டு வண்டி தெரிந்ததும் உள்ளே தள்ளிவிட்டுக் காலை வைத்தாள்.

"மழையில நீங்க இழுத்திருந்தா அங்கேயே இறக்கியிருப்பேன்" என்றார் அவர். அது உண்மையா, தன் மரியாதைக்குச் சொன்னாரா, தெரியாது. லைசன்ஸ் கிடைத்தது. சத்தார் நானா கடைத்தெருவில் எங்களுக்குப் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். அக்கா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு வந்து, வானின் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஊர் திரும்ப வேண்டிய நாளும் வந்தது. கோச்சி ஏற்றிவிட அக்காவே ஓட்டிக்கொண்டு வந்தாள். நானாவுக்கு அன்று பண்டாரவளைக் கடையில் சாமான் இறக்கும் வேலை. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. காலை வெளிச்சம் பனிக்குள் பால்போல ஊறிக்கொண்டிருந்தது. மேல் டிவிசன் பிரியும் முக்கில் ஆட்கள் நின்று கையை ஆட்டினார்கள். நடுவில் நாற்காலியில் ஒரு பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"மருத்துவச்சியம்மா! நல்ல நேரத்துல வந்தீங்க. நேத்துலருந்து நோவு. குறுக்கால கெடக்கற மாதிரி இருக்குங்குது பேறு பாக்குற கெழவி."

அக்கா இறங்கி அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், ஏத்துங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணைப் பின்னால் படுக்கவைத்து, அவள் அம்மாவும் புருஷனும் ஏறிக்கொண்டதும், எனக்கு இடமில்லை.

"கோச்சியை விட்டுருவியே தம்பி!"

"நாளைக்கும் கோச்சி இருக்குக்கா. போ."

கயிற்றை நான்தான் கட்டினேன். வான் கிளம்பியதும் மழை தொடங்கியது. நான் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். வான் பள்ளத்தில் இறங்கி எதிர்மலைக்கு ஏறியது. கொஞ்ச நேரம் ஒரு சாம்பல் புள்ளியாகத் தெரிந்தது. பிறகு பனி மூடி அதையும் எடுத்துக்கொண்டது. சத்தம் மட்டும் மிச்சம். எஞ்சின் உயர்ந்து முனகும், ஒரு கணம் தாழும், மறுபடி உயரும். ஒரு வளைவு, ஒரு தாழ்வு. இன்னொரு வளைவு, இன்னொரு தாழ்வு. மழை பலத்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சத்தம் தாழ்ந்த ஒவ்வொரு முறையும் அங்கே அக்காவுக்குச் சாலை தெரிந்துகொண்டிருந்தது.